முதல் இரண்டும் ரவை

ஓலீட்டாவின் வீட்டுக்கு யார் வந்தாலும் பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும். முன்வாசலில் நின்று மணியடிப்பவன் ஒன்று பைபிள் விற்பவனாக இருப்பான், இல்லாவிட்டால் ஓட்டுக் கேட்க வந்தவனாக இருப்பான் என்பது அவள் முடிவு. இரண்டு பேருக்கும் அந்த வீட்டில் கதவு திறக்காது. பின்வாசல் நிலையில் வரிசையாக மூன்று ஆணிகள். ஒன்றில் சமையல் ஏப்ரன், ஒன்றில் வைக்கோல் தொப்பி, மூன்றாவதில் தோலுறைக்குள் ரிவால்வர். தொப்பியை எடுப்பதற்கும் ரிவால்வரை எடுப்பதற்கும் அவள் முகத்தில் வித்தியாசம் தெரியாது.

மேற்கு டெக்ஸாஸில் எங்கள் பக்கத்து மாட்டுப் பண்ணைகளில் ரிவால்வரில் தோட்டா போடுவதற்கு ஒரு முறை உண்டு. வெயில் ஏறி, கிலுகிலுப்பைப் பாம்பு பொந்தை விட்டு வெளியே வருகிற நாளிலிருந்து முதல் உறைபனி விழுகிறவரை, முதலில் சுழன்று வருகிற இரண்டு அறைகளில் ரவைத் தோட்டா. அடுத்த மூன்றில் குண்டு. துப்பாக்கியின் சுத்தியல் உட்காருகிற ஆறாவது அறை காலி. ரவை என்றால் கடுகு அளவு ஈயம், ஒரு தோட்டாவுக்குள் ஒரு சின்னக் கை நிறைய. பாம்பு, எலி, முட்டை திருடுகிற பிராணி எதுவானாலும் நாலைந்து எட்டுக்குள் இருந்தால் அது போதும். அதைத் தாண்டினால் ரவைக்கு உயிர் இல்லை. தகரத்தைத் துளைக்காது, கேஸ் தொட்டியைத் துளைக்காது, அடுத்தவன் மாட்டின் தோலைக்கூடத் துளைக்காது. கோழிக்கொட்டகைக்குள் எலியைக் குண்டால் சுடுகிறவனை எங்கள் ஊரில் வாழ்நாள் முழுக்கக் கேலி செய்வார்கள்.

ரவைத் தோட்டா கடையிலும் கிடைக்கும். ஓலீட்டாவுக்குக் கடைச் சரக்கு ஆகாது. சமையல் மேசையிலேயே உட்கார்ந்து அவளே செய்வாள். சுட்டு முடிந்த பித்தளை உறையைத் துடைத்து, வெடிமருந்தை அளந்து போட்டு, பால் அட்டைப்பெட்டியில் வெட்டிய வட்டத்துண்டு ஒன்றை அமுக்கி, அதன்மேல் ரவையைக் கொட்டி, இன்னொரு வட்டத்தால் மூடி, ஓரத்தில் நகப்பாலிஷ் தடவி ஒட்டுவாள். அந்தப் பாலிஷ் சாதாரணச் சிவப்பு இல்லை, கண்ணைக் குத்துகிற சிவப்பு. அதை விரலில் பூசிக்கொண்டு சர்ச்சுக்குப் போனால் பாதிரியார் பிரசங்கத்தை மறந்துவிடுவார் என்று மருமகள் ரோண்டா கேலி பேசுவாள். ஓலீட்டா பூசியதில்லை. தோட்டாவுக்குத்தான் அந்த அலங்காரமெல்லாம்.

புருஷன் செத்து ஏழெட்டு வருஷமாகத் தனியாகத்தான் இருந்தாள். மாடும் அவள் பொறுப்பு, காற்றாலையும் அவள் பொறுப்பு. ஒரே மகன் கார்லண்ட் ஆபிலீன் டவுனில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வருவான், பீன்ஸ் பயறும் சோளரொட்டியும் சாப்பிடுவான், அம்மா டவுனுக்கு வந்துவிட வேண்டும் என்று ஒருமுறை சொல்வான், திட்டு வாங்கிக்கொண்டு போவான். அக்கம்பக்கத்தில் அவளுக்கு நெருக்கம் என்றால் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த தம்பி டெல்மர்தான். அவர்களுடைய அம்மா செத்தபோது அவனுக்குப் பால் பல் விழுந்திருக்கவில்லை. அவனைக் குளிப்பாட்டி, பள்ளிக்கூட பஸ் ஏற்றி, அவன் தேறுகிறவரை தன் கல்யாணத்தைக்கூடத் தள்ளிப் போட்டவள் அவள். நரைத்த பிறகும் டெல்மர் அவள் வீட்டு ஃபிரிட்ஜைக் கேட்காமல் திறப்பான். சர்க்கரை இரவல், ஜாக்கி இரவல், கடைசியில் ரிவால்வரும் இரவல்.

மே மாதத்தில் ஒருநாள் அப்படித்தான் வந்தான். கொட்டகையில் பாம்பு புகுந்து முட்டையை விழுங்குகிறதாம். அவனுடைய துப்பாக்கியில் இருப்பது குண்டு மட்டும். போன வருஷம் அதை வைத்துக் கூரையில் போட்ட ஓட்டை இன்னும் ஒழுகுகிறது. இவன் இதற்கு முன்னும் ஒருமுறை அவள் செய்து வைத்த ரவைத் தோட்டாக்களைக் கேட்காமல் எடுத்து, காக்கையைச் சுட்டு விளையாடித் தீர்த்திருக்கிறான். அன்றைக்கு அவள் போட்ட சத்தம் காற்றாலை வரை கேட்டது. அதனால் இந்தத் தடவை ரிவால்வரைக் கையில் கொடுக்கும்போதே சொல்லி வைத்தாள்.

"டேய், ரவையைத் தீர்த்துட்டு வெறும் உறையைக் கொண்டு வந்தியோ, கோழியை அவுத்துவிட்டுட்டு உன்னை உள்ள போட்டுப் பூட்டிருவேன்."

மறுநாள் கொண்டுவந்து ஆணியில் அவனே மாட்டினான். சுடவே இல்லை, தன் காலடிச் சத்தம் கேட்டே பாம்பு ஓடிவிட்டது, கொடுத்தபடியே இருக்கிறது என்றான். ஓலீட்டா அவன் போன பிறகு எடுத்துத் திறந்து பார்த்தாள். பார்க்காமல் மாட்டுகிறவள் இல்லை அவள். ஐந்து பித்தளை முதுகுகள் தெரிந்தன. பின்னாலிருந்து பார்த்தால் ரவைக்கும் குண்டுக்கும் முதுகு ஒன்றுதான். வாங்கியதை வாங்கியபடி திருப்பித் தருவது எங்கள் பக்கத்து மரியாதை, அதிலும் இவன் தோளில் போட்டு வளர்த்த தம்பி. ஒவ்வொன்றாகத் தள்ளி எடுத்து முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கார்லண்ட் வந்திருந்தான். மாட்டுத் தொட்டியில் தண்ணீரை நிறுத்துகிற மிதவை சிக்கிக்கொண்டு தண்ணீர் வழிந்து ஓடியது. அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சிமென்ட் தொட்டி ஓரம் குனிந்து நின்றான். அவனுக்குச் சில எட்டு தள்ளி, தொட்டியின் நிழலில், கிலுகிலு என்று சத்தம் கேட்டது. ஓலீட்டா அவனை அசையாதே என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் ரிவால்வரோடு வந்தாள். இப்படி எத்தனையோ பாம்பை அவள் சுட்டிருக்கிறாள். பக்கவாட்டில் போய் நின்று, மண்ணைப் பார்த்துக் கீழ்நோக்கிச் சுட்டால் ரவை மண்ணிலேயே அடங்கிவிடும். ஒன்றிரண்டு தெறித்தாலும் ஜீன்ஸ் துணியில் பட்டு உதிரும்.

சுட்ட நொடியிலேயே அவள் கைக்குத் தெரிந்துவிட்டது. ரவைக்கு மணிக்கட்டு இப்படி உதறாது. குண்டு பாம்பின் கழுத்தைக் கிழித்து, சிமென்ட் அடிவிளிம்பில் மோதி, திரும்பிப் போய் கார்லண்டின் முழங்காலுக்குக் கீழே எலும்பை உடைத்தது. அவன் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தான், அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையை அவளால் பிறகு எந்த வேலை செய்தும் மறக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோன பிறகு, வெளி நடையில் டெல்மர் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்து நின்றான். ஓலீட்டாவின் ஏப்ரனில் ரத்தம் காய்ந்திருந்தது. வீட்டிலேயே ரிவால்வரைத் திறந்து பார்த்துவிட்டாள், சுட்டது போக மீதி நாலும் குண்டு. அவனை நேராகவே கேட்டாள்.

"டெல்மர், எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அந்தத் துப்பாக்கியை நீ சுட்டியா? மாத்திப் போட்டியா?"

"இல்லக்கா. நீ குடுத்தபடியேதான் குடுத்தேன்."

கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான். அதுதான் அவளைச் சாய்த்தது. தம்பி மாற்றவில்லை என்றால் மாற்றியது யார்? வீட்டில் அவளைத் தவிர ஈ காக்கை கிடையாது. அப்படியானால் ரவை போட்டதாக நினைத்துக்கொண்டு குண்டைப் போட்டிருக்கிறாள். போடாததைப் போட்டதாக நினைக்கிற புத்தி வேறு எதையெல்லாம் நினைக்கும்? பெற்ற பிள்ளையை நொண்டியாக்கியது போதாதா?

அன்றிலிருந்து ஓலீட்டா ஓலீட்டாவாக இல்லை. அடுப்புக் குமிழை அணைத்துவிட்டு, தொட்டுப் பார்த்து, வாசல் வரை போய், திரும்பி வந்து மறுபடி தொட்டுப் பார்ப்பாள். பீன்ஸில் உப்புப் போட்டோமா என்று சந்தேகம் வந்து, ருசி பார்த்த பிறகும் சந்தேகம் போகாது. பிக்கப் வண்டி ஓட்டுவதை நிறுத்தினாள். தோட்டா செய்கிற சாமான்களை ஒரு டப்பாவில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டாள். ரிவால்வரை கார்லண்டே ஆபிலீனுக்கு எடுத்துப் போய்விட்டான், அவள் மறுக்கவில்லை. ஜூலையில் படிக்கட்டுக்குக் கீழே ஒரு பாம்பு வந்தபோது மண்வெட்டியால் அடித்தாள். குறி தவறித் தவறிப் பத்து அடி அடிக்க வேண்டியிருந்தது. ஊரில் எல்லோர் பாம்பையும் சுட்டுக் கொடுத்தவள், பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள்.

ஆகஸ்டில் கார்லண்ட் ஊன்றுகோலோடு வந்தான், ரோண்டாவும் வந்தாள், டெல்மரும் வந்து உட்கார்ந்தான். ஆபிலீனில் வயதானவர்கள் இருக்கிற இடம் ஒன்று, தனி அறை, வேளைக்குச் சாப்பாடு, கூப்பிட்ட குரலுக்கு நர்ஸ். மேய்ச்சல் நிலத்தையும் மாட்டையும் மாமா பார்த்துக்கொள்வார். எல்லாவற்றையும் கார்லண்ட் மெதுவாக, மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பழைய ஓலீட்டாவாக இருந்தால் மூன்று பேரையும் அகப்பையாலேயே விரட்டியிருப்பாள். இவள் தம்பியின் பக்கம் திரும்பி, தன்னிடம் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா, உண்மையைச் சொல் என்று கேட்டாள். டெல்மர் காபிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான். போன மாதம் அடுப்பில் கெட்டிலை வைத்துவிட்டு மறந்துவிட்டாயே அக்கா என்றான். மறந்தாள்தான், ஒரே ஒருநாள். கெட்டிலை மறக்காதவர்கள் யார், நீங்களா நானா?

ஆனால் அவள் சரி என்று சொல்லிவிட்டாள். அந்த நிலத்தை விட்டுப் போவதென்றால் அவளுக்குப் பாதி உயிரை விட்டுப் போவதுதான். இருந்தும், இன்னொருவர் காலை உடைப்பதற்கு முன்னால் போய்விடலாம் என்று முடிவு செய்தாள்.

செப்டம்பரில் சாமான் ஏற்றுகிற நாள் வந்தது. கார்லண்டும் ரோண்டாவும் காலையிலேயே வந்து பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். கோழிகளை டெல்மரிடம் விடுவது என்று பேச்சு. யாரையும் எதிர்பார்க்காமல் ஓலீட்டா அவற்றைக் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வேலியோரமாகவே நடந்து அவன் கொட்டகைக்குப் போனாள். டெல்மர் வெளியே தீவனம் கலந்துகொண்டிருந்தான்.

கோழிகளை இறக்கி விட்டவள், அடைகாக்கிற பெட்டிக்குப் பின்னால் வைக்கோல் போதுமா என்று பார்க்கக் குனிந்தாள். மூலையில் தகரத்தின் வெள்ளைப் பெயின்ட்டில் புள்ளி புள்ளியாக ஒரு கொத்து. அம்மைத் தழும்புபோல் பெயின்ட் மட்டும் தெறித்திருந்தது, தகரம் துளைபடவில்லை. பக்கத்திலேயே இன்னொரு கொத்து. அவள் கை தானாக வைக்கோலைக் கிளறியது. ஒரு சின்ன அட்டை வட்டம் அகப்பட்டது. ஒரு பக்கம் பால் பெட்டியின் நீல எழுத்தில் பாதி. மறுபக்க ஓரம் முழுக்க, கண்ணைக் குத்துகிற சிவப்பு.

இந்தக் கொட்டகையில் அவள் ஒருநாளும் சுட்டதில்லை. முன்பு காக்கைக்குத் தீர்த்தது வெட்டவெளியில். இந்தப் பெயின்ட்டையே டெல்மர் ஏப்ரலில்தான் அடித்தான், பிரஷ் இரவல் கொடுத்தவள் அவள்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறான். அவள் புத்தி எங்கும் போகவில்லை. ரவையைத்தான் போட்டிருந்தாள், இரண்டு அறையிலும். அதை நினைத்ததும் முதலில் வந்தது கோபம்கூட இல்லை, மூச்சு. நாலு மாதமாக முழுசாக விடாத மூச்சு.

வெளியே வந்து வட்டத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். டெல்மர் பார்த்தான். தீவன வாளியைக் கீழே வைத்தான்.

முட்டைப் பாம்பை இரண்டு ரவையாலும் சுட்டுவிட்டானாம். திரும்பப் போட ரவை இல்லை. அக்கா கத்துவாள் என்று தன்னிடமிருந்த குண்டை இரண்டு அறையிலும் போட்டு, சுடவே இல்லை என்று சொல்லிவிட்டானாம். இரண்டு நாளில் கடையில் ரவைத் தோட்டா வாங்கி, அவளுக்குத் தெரியாமல் மாற்றி வைத்துவிடலாம் என்று இருந்தானாம். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

"நான் கத்துவேன்னு பயந்தே, சரி. அதைக்கூட மன்னிச்சிரலாம்டா. ஆஸ்பத்திரியில என் கண்ணைப் பார்த்து இல்லன்னியே. என் மேசையில உக்காந்து, என் காபியைக் குடிச்சுக்கிட்டே கெட்டிலை மறந்தேன்னு சொன்னியே. நாலு மாசமா என் கையைப் பார்த்து நானே பயந்துக்கிட்டு இருந்தேன். உனக்குத் தெரியும்ல?"

"சொல்லாம இல்லக்கா. அன்னைக்கே சொல்லிட்டேன்."

"யார்கிட்ட சொன்னே?"

டெல்மர் அவள் வீட்டுப் பக்கம் பார்த்தான். அங்கே பிக்கப்பில் அவளுடைய சாய்வு நாற்காலியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"கார்லண்டுகிட்ட. ஆப்பரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சதும் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். அவன்தான் விடுங்க மாமா, அம்மாகிட்ட சொல்ல வேண்டாம், இப்பவாவது டவுனுக்கு வர ஒத்துக்கட்டும்னான்."

பொய் சொல்கிறான் என்று அவனைத் திட்டினாள். உண்ட வீட்டுக்கே ரெண்டகம் நினைத்தவன் இன்னொரு பொய் சொல்ல எவ்வளவு நேரமாகும் என்றாள். அந்த அட்டை வட்டத்தை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு வந்த வழியே நடந்தாள். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தால் வலிக்கத்தான் செய்யும், ஆனாலும் பிழைத்துக்கொள்ளலாம். பெற்றதும் சேர்ந்து பாய்ந்திருக்கக் கூடாது, கடவுளே, இவன் சொன்னது மட்டும் பொய்யாக இருக்கட்டும் என்று வேலிக்கம்பத்துக்கு வேலிக்கம்பம் வேண்டிக்கொண்டே போனாள்.

கார்லண்ட் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தான். அவள் அவன் எதிரில் போய் நின்று கையை விரித்துக் காட்டினாள். என்ன இது என்று அவன் கேட்டிருந்தால் போதும், அவள் அங்கேயே அவனைக் கட்டிக்கொண்டிருப்பாள். அவன் கேட்கவில்லை. வட்டத்தைப் பார்த்தான், டெல்மரின் கொட்டகைப் பக்கம் பார்த்தான், பிறகு தன் காலைப் பார்த்தான்.

"உன் நல்லதுக்குத்தாம்மா. தனியா விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும்? நான் கேட்டப்ப ஒருநாளாவது காது குடுத்துக் கேட்டியா?"

"கேக்கலை. திட்டினேன். நீயும் திரும்பித் திட்டியிருக்கணும். தூக்கி வண்டியில போட்டுட்டுப் போயிருந்தாக்கூட உன்னை மகன்னு சொல்லியிருப்பேன்." அவள் குரல் உயரவே இல்லை. "என் புத்தி சரியா இருக்குன்னு உனக்குத் தெரியும். உன் மாமனுக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாம இருந்துச்சு."

ரோண்டா கையில் பீங்கான் தட்டுகளோடு வாசலில் நின்றவள், அப்படியே திரும்பி உள்ளே போய் அவற்றை அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள். அவளுக்கும் தெரிந்திருந்ததா என்று ஓலீட்டா கேட்கவில்லை. கேட்டு இன்னொன்றைத் தெரிந்துகொள்ள அவளுக்குத் தெம்பு இல்லை. ஏற்றிய சாமானையெல்லாம் இறக்கச் சொன்னாள். கார்லண்ட் நொண்டி நொண்டி இறக்கினான், அவள் உதவிக்குப் போகவில்லை. கடைசியாக, ரிவால்வரை அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொடுத்துவிடு என்று மட்டும் சொன்னாள். நிலத்தைப் பற்றி டெல்மருக்கு அவள் தனியாக எதுவும் சொல்லி அனுப்பவில்லை. மறுநாள் காலை, அவன் மாடுகள் அவள் நிலத்தில் மேய வருகிற வேலி இடைவாசலைச் சங்கிலி போட்டுப் பூட்டினாள், அது போதுமே.

அந்த வாரம் மேல்தட்டிலிருந்து டப்பாவை இறக்கினாள். பால் பெட்டியில் வட்டம் வெட்டினாள், ரவை அளந்தாள், பாலிஷ் காய்ந்துபோயிருந்ததால் நாலு துளி தின்னர் விட்டுக் கலக்கினாள். ஒரு ரவைகூடச் சிந்தவில்லை. சனிக்கிழமை ராத்திரியே பீன்ஸை ஊறப்போட்டாள், ஒருவருக்கு வேண்டியதைவிட அதிகமாக. அவன் மேல் ஆத்திரம் கொஞ்சமும் ஆறவில்லை, ஆனாலும் ஊறப்போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டிச் சத்தம் கேட்டது. பின்வாசல் கதவு வழக்கம்போலத் திறந்தே இருந்தது. ஓலீட்டா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, அந்த வாசலைப் பார்த்தபடி மேசையில் உட்கார்ந்தாள். என்ன சொல்வது, எதைச் சொல்லி முதலில் திட்டுவது என்று யோசித்து வைத்திருந்தாள்.

முன்வாசல் மணி அடித்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பின்வாசலில் ஓடிவந்து அவள் ஏப்ரனில் முகம் துடைத்த பிள்ளை, அந்நியன்போல் முன்வாசலில் நிற்கிறான். மணி இன்னொரு தடவை அடித்தது. சுற்றி வருவானோ என்று பார்த்தாள். மரப்படியில் ஒரு கால் அழுத்தமாகவும் ஒரு கால் மெதுவாகவும் இறங்குகிற சத்தம் கேட்டது. வீட்டின் மூலை வரை வந்து நின்றது. வாடா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் வந்துவிடுவான். அவளுக்கு வாய் வரவில்லை. பிறகு வண்டி கிளம்பிப் போய்விட்டது.

அவள் பின்வாசல் வழியாக இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனாள். படியில் துண்டு சுற்றி ரிவால்வர் இருந்தது. உள்ளே கொண்டுவந்து திறந்தாள். அவன் எல்லா அறையையும் காலி செய்து, எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தான். முதல் இரண்டிலும் சிவப்பு முகம் வைத்த ரவையைப் போட்டாள், மற்ற மூன்றில் குண்டு. ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தவள், மறுபடி எழுந்து போய் எடுத்து, ஐந்தையும் ஒவ்வொன்றாக மேசையில் தள்ளி முகத்தைப் பார்த்தாள். அந்த வீட்டில் இனி அதைத் தொட அவளைத் தவிர யாரும் இல்லை. அடுப்பில் பீன்ஸ் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது.